4417 என்று முடியும் எண்

கடைசி நான்கு எண்கள் அவளுடையவை அல்ல.

ஓடிபி அனுப்பியாயிற்று என்றது திரை. ஆறு நட்சத்திரக் குறிகள், பிறகு 4417.

மேசையில் இருந்த அவளுடைய போன் சும்மா கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், வேறொரு போன் ஒலித்தது.

4417 தனபாலின் எண். அவள் கணவன்.

கல்யாணமான புதிதில் திறந்த வங்கிக் கணக்கு அது. அப்போது அவளிடம் போன் இல்லை. எந்தப் படிவத்திலும் அவன் எண்ணைத்தான் எழுதுவாள். பிற்பாடு, செய்திக்கு மாதாமாதம் கட்டணம் என்றபோது, பணம் வந்தாலும் போனாலும் தகவல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓடிபிக்கு அந்தத் தடை கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது.

நூற்றைம்பது நொடிகள். நூற்று நாற்பத்தொன்பது.

கட்ட வேண்டியது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு.

வீட்டில் உட்கார்ந்தபடி ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனிக்கு இரும்புக் கட்டடங்களின் வரைபடம் போட்டுக் கொடுக்கிறாள். சம்பளம் இல்லை, கான்டிராக்ட். வருகிற பணத்தில் வரி பிடிக்க அங்கே யாருமில்லை. முழுசும் நமக்குத்தான் என்று முதல் வருஷம் வெகுளியாக இருந்துவிட்டாள். நோட்டீஸ் வந்தது. இன்றைக்குள் கட்டாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார்.

எட்டு மாதம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

போன மாதம் தனபால் கேட்டான். கடனில் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த வேனுக்கு ஐந்து தவணை நின்றுபோயிருந்தது. ஒன்றரை லட்சம் இருந்தால் தப்பிக்கலாம் என்றான்.

என்னிடம் ஏது என்று சொல்லிவிட்டாள்.

நோட்டீஸைப் பற்றிச் சொன்னால், வேன் முதலில், வரி அப்புறம் என்பான். அந்தப் பயம். மூன்றாம் நாள் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது யாரோ ஒருவருடைய லாரியை ஓட்டுகிறான்.

இன்று அவனுக்கு லீவு. முற்றத்தில் மகளின் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான்.

நூற்றுப் பதினெட்டு.

"என்னங்க, ஒரு ஓடிபி வந்திருக்கும். நம்பரை மட்டும் சொல்லுங்க."

நம்பரை மட்டும் சொல்கிற ஆளா அவன். கேஸ் சிலிண்டர் செய்தியைக்கூட முதல் எழுத்திலிருந்து பத்திரம் வாசிப்பதுபோல் வாசிப்பான்.

எழுந்தான். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

எழுபத்திரண்டு.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று போனை எட்டப் பிடித்துக்கொண்டான். வாசித்தான்.

"ரூபாய் ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து..."

நிறுத்தினான்.

அவள் திரையையே பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

நாற்பத்தொன்று.

"ஏழு," என்றான். "ரெண்டு. ரெண்டு. ஒம்போது. நாலு."

ஐந்து கட்டங்கள் நிரம்பின. ஆறாவது காலியாக இருந்தது.

இருபத்தாறு.

"வண்டிக்குக் கேட்டேனே. அப்பவும் இது இருந்துச்சா?"

நோட்டீஸ் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட நேரமில்லை. இல்லை என்று இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் நம்பக்கூடச் செய்வான்.

பதினெட்டு.

"இருந்துச்சுங்க."

அவன் திரும்பி முற்றத்தைப் பார்த்தான். வேன் நின்றிருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது.

ஒன்பது.

"ஆறு," என்றான்.

தட்டினாள். சின்ன வட்டம் ஒன்று திரையில் சுற்றத் தொடங்கியது. வேண்டுமென்றே தப்பான எண்ணைச் சொல்லியிருப்பானோ என்று அது சுற்றி முடிக்கும்வரை நினைத்தாள்.

பணம் போய்விட்டது. எண் சரிதான். அப்படி நினைத்ததற்கு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இழுப்பறையைத் திறந்து நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கம்பி வழியாக நீட்டினாள். அவன் வாங்கவில்லை. போனில் ஒட்டிய கிரீஸைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கணக்குல உன் நம்பரையே குடுத்துடு," என்றான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவன் சைக்கிளுக்குப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து செயினை மாட்டத் தொடங்கினான்.