பெத்த பொண்ணு மாதிரி

“வேலையை விட்டுடப் போறாளாம்ப்பா,” என்றாள் ஸ்மிதா.

தோழி ஒருத்தியைப் பற்றித்தான் பேச்சு. சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, ராப்பகலாகப் படித்து வாங்கின சர்க்கார் வேலை. அதைப் போய் விடுகிறாளாம். காரணம், அவளுடைய மேலதிகாரி.

வெங்கடகிருஷ்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் சர்க்கார் ஆபீசில் ஒரு செக்‌ஷனையே கட்டி மேய்க்கிறவர். இந்த மாதிரி விஷயத்தில் அவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

“அப்படி என்ன பண்றான்?”

ஸ்மிதா சொன்னாள். ‘மோளே, மோளே’ என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவாராம். ஃபைலைப் பார்க்கிற சாக்கில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாராம். தோளில் ஒரு கை விழுமாம். விழுந்த கை லேசில் எழுந்து போகாதாம். இவள் நகர்ந்தால், ‘நீ எனக்குப் பெத்த பொண்ணு மாதிரி’ என்று சிரிப்பாராம். பக்கத்து சீட்டுக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்களாம்.

அடுக்களையிலிருந்து அம்மா ஜெயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். அவளும் தம்பானூர் பஸ்ஸில் இடிபட்டு வேலைக்குப் போனவள்தான். அந்த நாளில் கையில் ஒரு சேஃப்டி பின்னை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தைத் தள்ளியாச்சு. வெளியில் சொன்னால் பெண்ணின் பேர்தான் கெடும், பேசாமல் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போகட்டுமே என்றாள்.

வெங்கடகிருஷ்ணனுக்கு வந்ததே கோபம்! அவள் எதற்குப் போகணும்? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு, இப்போது இதற்கென்றே கமிட்டி இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லத் தைரியமில்லாவிட்டால் படித்து என்ன பிரயோஜனம் என்று வீட்டை இரண்டாக்கினார். கரமனைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“பாவம், பேரன் எடுக்கற வயசு. அவருக்கு அவமானமாயிடுமேன்னு யோசிக்கறா,” என்றாள் ஸ்மிதா.

“ஆகட்டும்! பெத்த பொண்ணு மாதிரியாம். உன் தோள்ல எவனாவது இப்படிக் கை வெச்சா நான் விட்டுடுவேனா?”

“ஆபீஸ்ல அவருக்கு ரொம்ப நல்ல பேராம்ப்பா. யாரும் நம்பலேன்னா என்ன பண்றதுன்னு பயப்படறா.”

“நான் நம்பறேன்னு சொல்லு. நாளைக்கே கம்ப்ளெயிண்ட் குடுக்கணும். விடப்படாது, கேட்டோ. துணைக்கு ஆள் வேணும்னா நானே வரேன். எந்த ஆபீஸ்?”

ஸ்மிதாவின் கண் கலங்கியிருந்தது.

“உங்க செக்‌ஷன்தாம்ப்பா. அவ பேரு ரெம்யா.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

வெங்கடகிருஷ்ணன் வாயைத் திறந்தார். அது வெறும் வாத்சல்யம்தான், அவள் எனக்கு... என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தையைத்தான் சற்று முன்பு அவரே கிழி கிழியென்று கிழித்திருந்தாரே. எதிரே பெற்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

காபி ஆறிப்போயிற்று.

“வேலையை விட வேண்டாம்னு சொல்லு,” என்றார் கடைசியில். “கம்ப்ளெயிண்ட் குடுக்கட்டும். அவ சொல்றதெல்லாம் நிஜம்னு கமிட்டியில நானே சொல்றேன்.”