முகம் மட்டும் பொய்

"பாப்பாவைக் காணோம்" என்றாள் மனைவி. அதற்குமேல் போனில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

அவன் செருப்புகூடப் போடாமல் ஸ்டூடியோவை விட்டு ஓடினான். சிக்னலில் நிற்காமல் வண்டியை விட்டான். யாரோ திட்டினார்கள், திட்டட்டும். மறுபடி மறுபடி அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

வழியெல்லாம் காலையில் நடந்த சண்டையே மனதில் ஓடியது. இருவருக்கும் ஒரே கார்ட்டூன் படத்தில் வேலை. ஒவ்வொரு தாளாகக் கையால் வரைகிற படம். அவன் தலைமை ஓவியன். குழந்தையைத் தொலைத்த தகப்பன் வரும் காட்சி அவளுடையது.

அவள் வரைந்த தாள்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தான். தாளில் அந்த ஆள் ஓடினான். கால் தரையில் பதிந்தது, உடம்புக்குக் கனம் இருந்தது, அவன் திரும்பிய பிறகுதான் சட்டை திரும்பியது. பார்த்தவன் அசந்துபோனான். சொல்லவில்லை.

"ஓட்டம் சரி. மூஞ்சி மட்டும் பொய். புள்ளையத் தொலைச்சவன் மாதிரியா இருக்கான்? பஸ்ஸ விட்டவன் மாதிரி இருக்கான்."

"கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தானே வரையறேன்."

"உன் மூஞ்சியில அப்பன் எங்கேருந்து வருவான்? சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா சீன வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அவள் வீட்டிலேயே வரைகிறேன் என்று தங்கிவிட்டாள். வரைகிற மும்முரத்தில் கதவைத் திறந்துபோட்டிருப்பாள். பாழாய்ப்போன சீன். விரட்டியது தான்தானே என்று நினைத்தபடி வண்டியை இன்னும் முறுக்கினான்.

வாசலில் பாப்பாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மனைவி அலமாரியில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அவனையே பார்த்தாள்.

"எங்கெல்லாம் தேடின?"

"வீட்டுக்குள்ள எல்லா இடமும் பாத்துட்டேன். மொட்டைமாடிக்குத்தான் போகல." குரல் இறங்கியது. "தண்ணித் தொட்டி மூடி உடைஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் படியேறினான். கைப்பிடி வழுக்கியது, கைதான் வியர்த்திருந்தது. தொட்டி மூடி விலகிக் கிடந்தது. உள்ளே இருட்டு. கையைத் தோள்வரை விட்டுத் துழாவினான். எதுவும் தட்டுப்படவில்லை. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. உள்ளே இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் மூலை மூலையாகக் காலால் தேடினான்.

தொட்டியில் இல்லை என்றால் தெருதான். தெரு முடிந்தால் பெரிய சாலை. லாரிகள்.

சொட்டச் சொட்டக் கீழே வந்தான். சுவரைப் பிடிக்கப் போன கை சுவரை எட்டாமலேயே தொங்கியது. வாய் திறந்தது. பாப்பாவின் பெயர் வெளியே வரவில்லை.

மனைவி இப்போது வரைகிற மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருக்கும் கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. பட்டப்பகலில் மேசை விளக்கைப் போட்டு, அதன் கழுத்தைத் திருப்பி, வெளிச்சத்தை அவன் முகத்தில் விழவிட்டாள்.

அலமாரிக்குள்ளிருந்து சின்னக் குரல் கேட்டது.

"அம்மா, நான் வெளிய வரட்டுமா?"

அவள் பென்சில் நிற்கவில்லை.

"இரு கண்ணு, அப்பாவோட வாய் மட்டும் பாக்கி."