மறு கண்

என் பெயர் சின்னராசு. வயது இருபத்திரண்டு. கும்மிடிப்பூண்டியில் கல்யாண ஊர்வலக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இது நண்பன் விமலின் போன்; இதிலிருந்து நம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறேன். வாயால் சொல்லித்தான் டைப் செய்கிறேன், பிழை இருக்கும்.

நேற்று வேலிக் கம்பி குத்தி, எங்கள் குதிரை ராணிக்கு இடது கண் வீங்கிவிட்டது. வேலை போய்விடுமோ என்று எனக்கு உதறல். முதலாளி குப்புராஜ் திட்டவில்லை. மாட்டு டாக்டர் நர்மதாவை அழைத்துவந்தார். அவர் மருந்து விட்டு, அந்தக் கண்ணைக் கட்டினார். உடனே ராணி நேராகப் போய்ச் சுவரில் முட்டியது.

டாக்டர் அதன் வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். அது இமைக்கவே இல்லை.

"இந்தக் கண்ணு போய் வருஷக்கணக்காவுது. எட்டு மாசமா கூடவே இருக்க, உனக்குத் தெரியலையாப்பா?"

"நான் எப்பவும் அதுக்கு இடது பக்கமாத்தான் நடப்பேன் மேடம்."

முதலாளி கொதித்தார். "குதிரைய வித்தவன் ஒத்தக் கண்ண மறச்சி என் தலைல கட்டிட்டானே! இன்னா பேஜாருப்பா இது? நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன். மறைக்கிற எவனும் இனிமே இங்க இருக்கக் கூடாது. டேய், உன் ஊட்டு நம்பர் குடு. உன்னப் பத்தியும் விசாரிக்கணும்."

கொடுத்துவிட்டேன்.

ராணி எனக்கு வலது பக்கம் வந்தால்தான் எனக்குத் தெரியும். முதலாளி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால், எடுப்பவர் யாராக இருந்தாலும், என் இடது கண்ணில் பார்வை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.