நடு நாற்காலி

கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

பணி ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் எனக்காக ஒரு பூனைகூட எழுந்து நின்றதில்லை. ஆடிப்போய்விட்டேன்.

“வாங்க சார், வாங்க. ரயில் லேட்டுன்னு மெயில் போட்டிருந்தீங்களே? ஏழு வருஷமா சேர்ந்து பேப்பர் எழுதறோம், இன்னைக்குத்தான் முகத்தைப் பாக்கறேன்” என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

கோட்பாட்டு இயற்பியல்காரர்கள் இப்படித்தானாம். விட்டால் கல்யாணத்தையே மெயிலில் முடித்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரவேண்டிய நிபுணர் நான்தான் என்று என் நரைமுடி அவர்களிடம் சத்தியமே செய்துவிட்டது.

நான் அவரில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிஸ்கட் வந்தது. மறுபடி திறந்தேன். தேநீர் வந்தது.

மூன்றாவது முறை நானே திறக்கவில்லை. என்னை உட்காரவைத்த நடு நாற்காலி அவ்வளவு மெத்தென்று இருந்தது. ராஜாக்கள் எதற்காக வெட்டிக்கொண்டு செத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

குவாண்டம் கோட்பாட்டுப் பிரிவில் முனைவர்களுக்கான ஆய்விடங்கள் காலையிலேயே நிரம்பிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு மாணவர் இடம். அதற்கு இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்த பெண்ணுக்குக் கை நடுங்கியது. தாடி வைத்த பேராசிரியர் கேட்ட முதல் கேள்வியில் தடுக்கினாள், இரண்டாவதில் விழுந்தாள். அவர் தன் தாளில் பத்துக்கு மூன்று போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

“இது கெடைக்கலேன்னா என்னம்மா பண்ணுவே?” என்று கேட்டுவைத்தேன்.

“அக்கா கடையில பில் போடணும் சார். இதான் கடைசின்னு வீட்ல சொல்லிட்டாங்க.”

தலைவர் என் பக்கம் திரும்பி, “நீங்களும் ஒண்ணு கேளுங்க சார்” என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி. ஒரு குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்க முடியாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. சரி, மங்கலாக ஒரு நகல்? அது அசலை எவ்வளவு தூரம் நெருங்கலாம்?

கேட்டேன். குழுவே நிமிர்ந்து உட்கார்ந்தது. தாடிக்காரர் தாடியைத் தடவுவதை நிறுத்தினார்.

நான்கு மாதம் நான் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஐந்து நோட்டு, ஒரு டஜன் பேனா, வீட்டம்மாவின் பொறுமை எல்லாம் தீர்ந்தும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

அவள் கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸைத் தொட்டதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. பிறகு பலகை போதாமல் எழுதித் தள்ளினாள்.

“ஆறுல அஞ்சு பங்கு வரைக்கும் போலாம் சார். அதுக்கு மேல இயற்கை விடாது.”

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இதில் பொய் கலக்கவில்லை. கையிலிருந்த கோப்பை சாய்ந்து சட்டை முழுக்கத் தேநீர் ஆனதுகூடத் தெரியவில்லை. நான் நான்கு மாதம் முட்டிக்கொண்ட சுவருக்குள் அவள் பத்து நிமிடத்தில் நடந்து போய்விட்டாள்.

அவள் வெளியேறியதும் மதிப்பெண் தாளை எடுத்தேன். பேனா ஒரு நொடி தயங்கியது. ஒரு நொடிதான்.

பத்துக்குப் பத்து.

தாடிக்காரர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் மூன்றை அடித்து ஒன்பதாக்கினார். பக்கத்திலிருந்த பேராசிரியை ஒன்பதரை போட்டார்.

“கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். கடைசியா ஒருத்தர் பாக்கி.” தலைவர் அந்த விண்ணப்பத்தைப் புரட்டிச் சிரித்தார். “பொறந்த வருஷத்தையே தப்பா அடிச்சிருக்கார் பாருங்க சார். இவரு வந்து என்ன கணக்குப் போடப்போறாரு.”

உதவியாளர் வராந்தாவில் போய்ப் பெயரைக் கூப்பிட்டார். திரும்பி வந்து, வெளியே ஒருவருமே இல்லை என்றார்.

நான் எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய், எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“வருஷம் சரியாத்தான் இருக்கு சார்.”