கண்ணாடி நிற்காத கை

கெமிஸ்ட்ரி ராகேல் டீச்சர் கையில் கண்ணாடி நிற்காது என்பது கல்லூரியில் பியூனுக்குக்கூடத் தெரியும்.

மாதம் தவறாமல் லேபில் ஒரு ப்யூரெட்டைப் போட்டு உடைப்பார். அளவு பார்த்துச் சொட்டவிடும் நீளக் கண்ணாடிக் குழாய் அது. உடைத்தவர் சம்பளத்தில் விலையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வேறொன்று வாங்கித் தரும். மறு மாதம் இன்னொன்று போகும்.

"அவாத்துல எல்லாம் எவர்சில்வர் டம்ளர்தான் போலிருக்கு" என்று ஸ்டாஃப் ரூமில் ஆரம்பித்து வைத்தவர் ஹிஸ்டரி ராமசுப்ரமணியன்.

சிரித்தாலும் அவருக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். திருவனந்தபுரத்தில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இதே கதை. வருஷா வருஷம் 'மார்ஜினல் இன்க்ரீஸ்' என்று சீட்டைக் கூட்டுகிறார்கள், காசைக் கூட்டக் காணோம். அவர் வகுப்பில் பிள்ளைகள் கிழக்கேகோட்டை பஸ் மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கிழிந்த இந்தியா மேப்பை மாற்றித் தரச் சொன்னால் 'ஃபண்ட் இல்லை'. இந்த லட்சணத்தில் ஒருத்தர் உடைத்துக்கொண்டே இருந்தால்?

தொண்ணூற்றெட்டில், கெமிஸ்ட்ரி லேப் சாமான்களைச் சரிபார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரு துறையின் சாமான்களை வேறு துறைக்காரர்தான் எண்ணவேண்டும் என்பது வழக்கம். கவனக்குறைவு என்று அவர் எழுதிக் கொடுத்தால் ராகேலிடமிருந்து லேப் பொறுப்பை மாற்றிவிடலாம் என்றார் பிரின்சிபால்.

எழுதிவிடுவது என்ற முடிவோடுதான் ராமசுப்ரமணியன் உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் பிராக்டிகல் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர், உடைஞ்ச சில்லையாவது வச்சிருக்கேளா?"

ராகேலின் முகம் வெளுத்தது. "அதெல்லாம் அப்பவே களைஞ்சாச்சு சாரே."

"உடைஞ்சதைக் கழிச்சு, வாங்கினதைக் கூட்டினா இருபது இருக்கணும். அதுவாவது தேறுமா?"

"எண்ணிப் பாருங்க சாரே."

எண்ணினார். பாதி லேப் தாண்டுவதற்குள் இருபது வந்துவிட்டது. நமக்குத்தான் கணக்கு வராதே என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தொன்பது! ஆளுக்கொன்று வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் மட்டும் ஜினி என்ற பெண்ணும் ஸ்ரீஜித் என்ற பையனும் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன டீச்சர், கூட இருக்கு! அப்போ நீங்க உடைச்சதெல்லாம்?"

ராகேல் அவரை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"ஒண்ணும் உடையல்ல சாரே. இருபது பிள்ளைங்க நாப்பதாச்சு. நாப்பது ப்யூரெட் கேட்டா ஃபண்ட் இல்லேன்னு கை விரிக்கிறாங்க. உடைஞ்சுதுன்னு எழுதினா மட்டும் ரெண்டாம் நாள் வாங்கித் தாறாங்க. வேற எந்து செய்ய?"

"உங்க சம்பளத்துலேர்ந்துன்னா பிடிக்கறா! அதுக்கு நீங்களே கடையில வாங்கி வச்சுடலாமே?"

"அப்படி வைக்க டைரக்டரேட் பெர்மிஷன் வேணுமாம். பேப்பர் அனுப்பி ரெண்டு வருஷமாச்சு." ராகேல் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுத்த வாரம் யூனிவர்சிட்டி எக்ஸாம் சாரே. ஒண்ணை ரெண்டு பேர் பங்கு வச்சா ரெண்டு பேருக்கும் நேரம் போதாது, தோத்துரும். அது கழியட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

ராமசுப்ரமணியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மேப்புக்காக அவர் செய்ததெல்லாம் ஊர் முழுக்கப் புலம்பியதுதான். இந்த அம்மாள் காசையும் கொடுத்துவிட்டு, அவருடைய கேலியையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

பேனாவை எடுத்து, 'எல்லாம் சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கடைசி மேஜைக்குப் போனார். அங்கே இருந்த ப்யூரெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பத்திரமாகத் திரும்ப மாட்டினார்.

"டீச்சர், எண்ணறச்சே நான் ஒண்ணைக் கீழே போட்டு உடைச்சுட்டேன். என் பேர்ல எழுதிக்கோங்கோ."