மூச்சு எடுக்காத ஐம்பது மீற்றர்

ஒரு மூச்சின் விலை, வினாடியில் பத்தில் ஒரு பங்கு.

கற்பிட்டி இறங்குதுறையின் நுனியிலிருந்து றிம்ஸான் பாய்ந்தபோது, அந்தக் கணக்கு அவனுக்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டது.

களப்புக்குள் இருக்கிற உச்சமுனைத் தீவுக்குக் கலியாண வீட்டுக்குப் போன மனைவி மர்ளியாவையும் மகள் அக்கீலாவையும் கூட்டிப்போக வந்து நின்றவன் அவன். துறை கண்ணில் பட்டதும், திரும்பி வந்த வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக எழும்பினார்கள். வள்ளம் குப்புறக் கவிழ்ந்தது.

பெரியவர்கள் வள்ளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தார்கள். இந்தப் பக்கம், கரையைப் பார்த்து, ஒரு மஞ்சள் சட்டை. ஒரு சின்னக் கை.

அதைக் கண்டது அவன் ஒருவன்தான்.

தூரம், அளந்து வெட்டினாற்போல ஐம்பது மீற்றர். ஐம்பது மீற்றர் நீச்சல் என்றால் அவனுடைய சொந்தக் கடை. நான்கு வருடம் நாட்டில் அவனை அதில் முந்த ஆளிருக்கவில்லை.

பயிற்றுநர் சாஹுல் ஹமீது சேர், புத்தளத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்தவரின் மகன். நீச்சலையும் பேரம் பேசித்தான் படிப்பித்தார். பன்னிரண்டு வயதில் கொழும்பு நீச்சல் தடாகத்தில் இறங்கிய றிம்ஸான், ஐம்பது மீற்றருக்கு ஒன்பது மூச்சு எடுத்தான். சேர் ஆறுக்குக் கேட்டார். பிறகு மூன்றுக்கு. பிறகு ஒன்றுக்கு. கடைசியில் அந்த ஒன்றையும் விட்டுத்தரச் சொன்னார்.

"தலையத் தூக்கிப் பார்த்து என்னத்தடா வாங்கப் போறாய்? சுவர் என்ன, எழும்பி ஓடியா போகும்?"

விட்டுக்கொடுத்தான். பதக்கங்கள் வந்தன. பத்திரிகையில் படம் வந்தது.

ஒரேயொரு தரம், யுத்தம் முடிந்த பிறகு நடந்த ஒரு தெற்காசியப் போட்டியில், நாற்பதாவது மீற்றரில் நெஞ்சு தாங்காமல் ஒரு மூச்சை வாங்கித் தொலைத்தான். வினாடியில் நூறில் ஏழு பங்கால் வெண்கலம் கைவிட்டுப் போனது. ஹோட்டல் தடாகத்தில் பணக்காரப் பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள் குமிழி விடப் படிப்பிக்கிற வேலைதான் மிஞ்சியது. அன்றோடு மூச்சு என்ற சரக்கே அவனுக்குக் கசந்துவிட்டது.

இப்போது முகம் தண்ணீருக்குள். கைகள் தாமாகவே வீசின. பத்து. பதினைந்து. இருபது.

தடாகத்தின் அடியில் கறுப்புக் கோடு ஒன்று ஓடும். அதன்மேல் போனால் போதும். களப்பின் அடியில் கலங்கலைத் தவிர ஒன்றுமில்லை. சோளகக் காற்று கவிழ்ந்த வள்ளத்தை வலப்பக்கமாகத் தள்ளியது. பலம் கூடிய வலக்கை அவன் உடம்பை இடப்பக்கமாக இழுத்தது.

முப்பதாவது வீச்சில் நெஞ்சு எரிந்தது.

ஒருதரம் தூக்கிப் பார்த்தால்? பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குள் பிள்ளையின் வாய்க்குள் எத்தனை மிடறு போகுமோ!

தூக்கவில்லை.

முப்பத்தெட்டாவது வீச்சில், பழக்கத்தில், கை சுவரைத் தேடி நீண்டது.

சுவர் இல்லை. பிள்ளையும் இல்லை.

தலையைத் தூக்கினான். வள்ளம் வலப்பக்கம் இருபது மீற்றர் தள்ளிக் கிடந்தது. நடுவில் வெறும் தண்ணீர். மஞ்சளைக் காணவில்லை. அவன் வாழ்நாளிலேயே ஆக வேகமான ஐம்பது அதுவாகத்தான் இருக்கும். நேரம் பிடிக்க ஆளில்லை.

மறுபடி முகத்தைப் போட்டு அங்கே அடித்தான். திரும்பி இங்கே அடித்தான்.

"தம்பி! என்னத்துக்கு நீந்துறீங்க?" வள்ளக்காரர் ஜபார் நானா கத்தினார். "எழும்பி நில்லுங்க! புள்ளய எங்க கண்டீங்க? இடத்தக் காட்டுங்க!"

காலைக் கீழே விட்டான். சேறு தட்டியது.

எழும்பி நின்றான். தண்ணீர் நெஞ்சோடு நின்றது.

போட்டியில் அடியில் கால் வைத்து நடந்தால் வெளியே போட்டுவிடுவார்கள். பத்தொன்பது வருடம் அவன் கால் வைத்ததில்லை.

சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். கழுத்தளவில் நின்ற மர்ளியா அவன் முகத்தையே பார்த்தாள். துறையில் நின்றபடியே விரலை நீட்டி "அந்தா!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஜபார் நானாவுக்கு அது ஆறே எட்டு வைக்கிற தூரம்.

இப்போது விரலை எங்கே நீட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

களப்பில் ஆளைத் தேடுகிற வழக்கப்படி, கைகோத்து வரிசையாக நின்று, காலால் சேற்றைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். அவனும் நடந்தான். போய்த் திரும்பி, மறுபடி போனார்கள். மூன்றாம் நடையில் ஜபார் நானா சட்டென்று நின்றார். கோத்த கையை விட்டுவிட்டுக் குனிந்தார்.

தண்ணீர் நாலரை அடி. அக்கீலா மூன்றடி இரண்டு அங்குலம்.

குறைவு, ஓரடி நாலு அங்குலம்.