உருளைக்கு ஒரு சொட்டு

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, நூல் சுற்றும் தூண்டில் ரீலைக் கழற்றிப் போட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவருக்கு வியர்த்துவிட்டது.

கிரீஸ். இருக்கவே கூடாத இடத்தில் கொழகொழவென்று கிரீஸ்.

அப்பியவர் வேறு யாருமில்லை. இவரேதான்.

பற்சக்கரங்களுக்குக் கெட்டி கிரீஸ் வேண்டும். ஆனால் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் கவ்விப் பிடிக்கும் குட்டி உருளைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கிரீஸே ஆகாது. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான். கிரீஸ் பட்டால் உருளைகள் வழுக்கும். பெரிய மீன் இழுக்கும்போது கைப்பிடி தறிகெட்டுப் பின்னால் சுழலும்.

புதிதாக வாங்கிய டப்பாவின் முதுகில் இதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இத்தனை வருடமாக வாங்கிய டப்பாக்களிலும் அச்சடித்துத்தான் இருப்பார்கள். நிபுணர்கள் டப்பாவின் முதுகையெல்லாம் படிப்பதில்லை.

அலுவலகத்தில் அவருக்கு ‘கிரீஸ் டாக்டர்’ என்று பெயர். மதியச் சாப்பாட்டின்போது யார் மாட்டினாலும், வெள்ளை கிரீஸா நீல கிரீஸா என்று ஆரம்பித்துவிடுவார். கேட்பவர்கள் அவரைப் பெரிய மீன்பிடி மன்னர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

உண்மையில் மீன் பிடிப்பவள் அவர் மனைவி. இவருக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும். அவளுடைய அந்த உலகத்தில் இவருக்கென்று இருந்தது கிரீஸ் போடும் வேலை ஒன்றுதான். அதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன் கைவண்ணம் கடலில் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முதல் தடவையாக அவளோடு படகில் ஏறினார். அவளுக்கு எதிரிலேயே, மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்தார்.

பைக்குள் முகத்தைப் புதைத்திருந்த நேரத்தில்தான் அந்த மீன் கடித்தது. கழி வில்லாக வளைந்தது. கைப்பிடி சடசடவென்று பின்னால் சுழன்று அவள் விரல்களைத் தட்டிவிட்டது. நூல் சிக்கலாகி அறுந்தது. மீன் போயே போய்விட்டது.

“கை விட்டுருச்சு. போன வருஷம் ஒடிஞ்ச மணிக்கட்டுல்ல, பழைய பலம் இல்ல” என்றாள் படகுக்காரரிடம்.

வயதாகிறதில்லையா என்று இவர் ஆறுதல் வேறு சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

படகுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் மாமன் மச்சான் பார்க்க மாட்டார். அடுத்த வார மீன்பிடிப் போட்டிக்குத் தன் படகில் அவள் இடத்தில் வேறு ஆளைப் போடப்போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். இன்று சாயங்காலம் பெயர் கொடுக்கிறார்கள். வருடம் முழுக்க அந்தப் போட்டியையே பேசிக்கொண்டிருந்தவள், சரி என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டாள். இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி மணிக்கட்டைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே உசத்தியான கிரீஸை வாங்கிவந்து போடத்தான் ரீலைப் பிரித்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். ஆடத் தெரிந்தவள் தன் காலை நொந்துகொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல் உருளைகளைக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டர் பட்டம் பிழைக்கும். படகில் அவள் இடம் பிழைக்காது.

இதில் எது பெரிது என்று முடிவு செய்ய அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்ததுதான் வெட்கக்கேடு.

எழுந்து போய், வாய் பிளந்த ரீலை அவள் முன்னால் நீட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கோளாறு உன் கையில் இல்லை, என் கையில். படகுக்காரரிடம் நானே பேசுகிறேன். இத்தனை வருடமும் இதே இடத்தில் இதே மாதிரிதானே அப்பினேன், அன்றைக்கு மட்டும் எப்படி வழுக்கியது என்று அவளிடமே கேட்டும்விட்டார்.

அவள் ரீலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் அவள்தான் என்பதுபோல் முகம் சிவந்தது.

“எப்பவும் கரையைத் தாண்டுனதும், கழட்டி நல்லா துடைச்சுட்டுத்தான் தூண்டில் போடுவேன். அன்னைக்கு நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்களே... உங்க கண்ணு முன்னாடி எப்படித் துடைக்கிறது?”